கடைக் கொப்பியும் றப்பர் நாவலும்

எமது இலக்கியக் கூட்டங்களில் லத்தீன் அமெரிக்கா என்ற பெயர் அடிபட்டால் போதும், மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கத் தொடங்கிவிடும். அடுத்து ரெமெடியோஸ் என்ற பேரழகி படுக்கை விரிப்புகளோடு வானத்துக்கு ஏறுவாள். பிறகு நான்கு வருடங்களுக்கும் மேலாக மழை பெய்யும். இரத்தினபுரியிலிருந்து வந்த நண்பர் யாராவது, "இதிலென்ன மந்திரம், எங்கட ஊர் மழையைத்தானே மனுஷன் எழுதியிருக்கிறான்" என்பார். எல்லோரும் சிரிப்போம். மாந்திரீக யதார்த்தவாதம் பற்றிய கலந்துரையாடல் அத்தோடு முடிந்து தேநீர் வரும்.

கார்சியா மார்க்வெஸைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1967இல் வெளிவந்த அந்தப் பெரிய நாவலை ஆங்கிலத்திலும், 2013இல் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்று தமிழில் வந்தபோதும் வாசித்தவன் நான். எனது முறைப்பாடு வாசகர்கள் மீது, அதிலும் சப்ரகமுவவில் இருந்துகொண்டு வாசிக்கும் எம்மீது. அந்த நாவலின் நடுவில் ஒரு தோட்டம் இருக்கிறது. வாழைப்பழக் கம்பனி வருகிறது, லயன்களைக் கட்டுகிறது, தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்கிறார்கள், இராணுவம் சுடுகிறது, பிணங்கள் ரயிலில் போகின்றன. கடைசியில் அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று ஊரே சொல்கிறது. 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியெனாகாவில் யுனைட்டட் ஃபுரூட் கம்பனிக்கு எதிரான வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டின் கதை அது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டதை அறிந்த ஒரு சமூகம் இந்தப் பக்கங்களில்தான் முதலில் தரித்து நின்றிருக்க வேண்டும். நாமோ வண்ணத்துப்பூச்சிகளின் பின்னால் போய்விட்டோம்.

இன்னொன்றும் அதே நாவலில் இருக்கிறது. மகோந்தோவில் 'துருக்கியர் தெரு' என்று ஒரு தெரு. அங்கே அரேபியர்கள் கடை வைத்திருக்கிறார்கள், சில்லறைச் சாமான்களைக் கொடுத்துப் பஞ்சவர்ணக் கிளிகளை வாங்குகிறார்கள். கதாநாயகர்கள் போகிறார்கள், வருகிறார்கள், சாகிறார்கள். தெருவில் கடை திறந்தபடியே இருக்கிறது. அதை முதலில் வாசித்தபோது எனக்கு எங்கள் வாப்பாவின் கடை ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்தைக் கூட்டத்தில் சொல்ல வெட்கப்பட்டேன். இப்போது அதிலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது.

யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல, உந்துகொட, இரத்தினபுரிப் பக்கம் என்று எங்கே நின்று பார்த்தாலும் கண்ணில் படுவது றப்பர் மரம். நாம் அதை இந்த மண்ணின் மரம் என்றே நினைத்து வளர்ந்தோம். அது அமேசன் காட்டு மரம். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பகுதியில் ஏறத்தாழ 70,000 விதைகளைச் சேர்த்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மிகச் சில. அதே ஆண்டில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹாவின் ஹெனரத்கொடவில் நடப்பட்டன. கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகள் றப்பராக மாறியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1913 அளவில் ஆசியத் தோட்டங்களின் றப்பர் அமேசன் காட்டு றப்பரை விஞ்சிவிட்டது. மனாவுஸ் நகரில் 1896இல் ஒப்பரா மண்டபம் திறந்த றப்பர் முதலாளிகளின் காலம் அத்தோடு இறங்கிப்போனது. அவர்களைக் கவிழ்த்தவற்றில் எங்கள் ஊர்ச் சரிவுகளுக்கும் பங்குண்டு.

அமேசனில் இம்மரம் கூட்டமாக நிற்பதில்லை. காட்டுக்குள் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று தள்ளித்தள்ளி நிற்கும். நெருக்கி நட்டால் அங்குள்ள ஒருவகை இலைக்கருகல் நோய் பரவி எல்லாவற்றையும் அழித்துவிடும். ஹென்றி ஃபோர்ட் 1928இல் தபாஜோஸ் கரையில் ஃபோர்ட்லாந்தியா என்று ஒரு தோட்ட நகரத்தையே எழுப்பி, நோயிடம் தோற்று, 1945இல் பிரேசில் அரசிடம் விட்டுவிட்டுப் போனார். அந்த நோய் கடல் கடந்து ஆசியாவுக்கு வரவில்லை. ஆகவே இங்கே மரங்கள் வரிசையில் நிற்கின்றன, வெட்டுபவர்களும் வரிசையில் பெரட்டுக்கு நிற்கிறார்கள். அங்கே ஒரு தொழிலாளி விடியுமுன் தனியாக ஒரு காட்டுத் தடத்தில் போய், மரத்துக்கு மரம் நடந்து பால் எடுத்து, குடிசைக்கு வந்து புகைபோட்டு உருண்டையாக்குவான். நாள் முழுக்க இன்னொரு மனித முகத்தைக் காணமாட்டான். இங்கே லயம், அங்கே தனிக் குடிசை. இவ்வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால்தான் கீழே பேசப்போகும் இரு நாவல்களும் ஏன் ஒற்றை மனிதனின் புலம்பலாக இருக்கின்றன என்பது புரியும்.

1876 என்ற ஆண்டை இன்னும் விடமுடியவில்லை. அந்த ஆண்டுதான் சென்னை மாகாணத்தில் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் தொடங்கியது. தென்மாவட்டங்களிலிருந்து எலும்பும் தோலுமாக மக்கள் இலங்கைக் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்தார்கள். 1877இல் பிரேசிலின் வடகிழக்கில் சியாரா மாநிலத்தில் மூன்று வருட வறட்சி தொடங்கியது. அங்கிருந்து வெளியேறியவர்களில் பெருந்தொகையானோர் அமேசனுக்குப் பால் வெட்டப் போனார்கள். இரண்டும் ஒரே காலநிலைக் குழப்பத்தின் விளைவுகள் என்று மைக் டேவிஸ் 2001இல் வெளியிட்ட தன் பஞ்ச வரலாற்று நூலில் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறார். மழை பொய்த்ததால் வெளியேறிய இரண்டு கூட்டங்கள். ஒன்று அந்த மரத்தின் தாய்க்காட்டுக்குப் போனது. மற்றதன் பிள்ளைகள் அதே மரத்தை இங்கே வெட்டினார்கள்.

முதல் நாவல் கொலம்பியரான ஹோசே எயுஸ்தாசியோ ரிவேரா 1924இல் ஸ்பானிய மொழியில் எழுதிய 'லா வொராஹினே', அதாவது 'பெருஞ்சுழி'. மற்றது போர்த்துக்கேயரான ஃபெரெய்ரா டி காஸ்ட்ரோ 1930இல் எழுதிய 'ஆ செல்வா', 'காடு'. இரண்டையும் ஆங்கில வழியாகத்தான் வாசித்தேன். மார்க்வெஸுக்கு முன்னைய இந்தத் தலைமுறை எமது பேச்சில் இடம்பெறுவதே இல்லை.

ரிவேரா எல்லைக் குழுவொன்றில் சட்டத்தரணியாகக் காட்டுக்குள் போனவர். அவருடைய கதைசொல்லி அர்த்துரோ கோவா ஒரு கவிஞன். தன்னைத் தவிர எவரையும் நேசிக்கத் தெரியாதவன், வாய் திறந்தால் பிரசங்கம். நாவலின் முதல் பாதியை அவனுக்காகவே பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் கிளெமென்தே சில்வா என்ற கிழவர் வந்ததும் நாவல் நிமிர்ந்துவிடுகிறது. மகனைத் தேடி றப்பர் காட்டுக்குள் நுழைந்து, தானே கடனில் அகப்பட்டு, வருடக்கணக்காகப் பால் வெட்டியவர். வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் மரத்தில் விழுந்த வெட்டுக்களைப் படம்பிடிக்கும்போது கிழவரின் முதுகிலிருந்த சவுக்குத் தழும்புகளையும் படம்பிடிக்கிறார். மரத்தின் தழும்பும் மனிதன் தழும்பும் ஒரே கமராவில். இந்தக் கொடுமை ரிவேராவின் கற்பனையில் பிறந்ததல்ல. லண்டனில் பதிவு செய்யப்பட்ட பெருவியன் அமேசன் கம்பனி புதுமாயோ ஆற்றுப் பகுதியில் ஹுய்தோதோ, போரா முதலான பழங்குடி மக்களுக்கு இழைத்ததை ரோஜர் கேஸ்மென்ட் 1910இல் நேரில் போய் விசாரித்தார். அவரது அறிக்கை 1912இல் பிரிட்டனில் வெளியாயிற்று. சங்கிலியின் நுனியில் இருந்தது சவுக்கு என்றாலும் அதன் முதல் கண்ணி கணக்குப் புத்தகம். சாமானைக் கடனாகக் கொடுப்பார்கள், விலையை அவர்களே எழுதுவார்கள், பாலின் விலையையும் அவர்களே எழுதுவார்கள். கடன் ஒருபோதும் தீராது, தகப்பன் செத்தால் மகன் பெயருக்கு மாறும்.

எமது வாசகருக்கு இது புதிதல்ல. கங்காணி கொடுத்த முற்பணம், தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய 'துண்டு', அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும் அடுத்த தோட்டம். இந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921இல். மூன்று வருடம் கழித்து 'பெருஞ்சுழி' வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் மலையக வரலாறு படித்த ஒருவர் அந்நாவலைத் திறந்தால் எந்த அடிக்குறிப்பும் இல்லாமல் விளங்கிக்கொள்வார்.

ஃபெரெய்ரா டி காஸ்ட்ரோ அப்படிப் போய்ப் பார்த்தவர் அல்ல, அங்கே வளர்ந்தவர். பன்னிரண்டாவது வயதில் போர்த்துக்கலிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, மதெய்ரா ஆற்றோரம் 'பாரைசோ' என்ற றப்பர்க் காட்டில் சில வருடங்கள் கழித்தவர். பாரைசோ என்றால் சொர்க்கம். தோட்டத்துக்குப் பெயர் வைக்கிறவர்களின் நகைச்சுவை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அவருடைய ஆல்பெர்தோ படித்த இளைஞன். வெட்டத் தெரியாமல் வெட்டிக் கஷ்டப்பட்டு, பிறகு முதலாளியின் கணக்கு அறைக்கும் சாமான் களஞ்சியத்துக்கும் உயர்த்தப்படுகிறான். நேற்றுவரை தன்னோடு பால் வெட்டிய ஃபிர்மீனோவின் கடனை இன்று இவன் எழுதுகிறான். சாப்பாடு நல்லது, படுக்கை நல்லது, மனம்தான் சரியில்லை. முடிவில் தப்பியோடிப் பிடிபட்டவர்களை முதலாளி கட்டிவைத்து அடிப்பதைக் கண்டு, ஒரு காலத்தில் அடிமையாக இருந்த கறுப்பினக் கிழவன் தியாகோ வீட்டுக்குத் தீ வைக்கிறான். கணக்கப்பிள்ளை ஆல்பெர்தோ தீ வைக்கவில்லை. கலைப்படைப்பாக ரிவேராவின் நாவல்தான் பெரியது. பழங்குடிகளை அம்பு எய்யும் நிழல்களாக மட்டும் காட்டுவது 'காடு' நாவலின் கண்கூடான குறை. இருந்தாலும் எமக்கு இப்போது வேண்டியது 'காடு'தான், ஆல்பெர்தோவின் அந்தக் கணக்கு மேசைக்காக.

இனி வெட்கத்தைவிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். 'பெருஞ்சுழி'யில் சொரைதா அய்ராம் என்றொரு பெண் வருகிறாள். ஆற்றில் படகோடு திரியும் வியாபாரி. துணியும் டின் மீனும் கொடுப்பாள், றப்பராக வாங்குவாள். அவளைத் 'துருக்கிக்காரி' என்கிறார்கள். ஒஸ்மானியப் பேரரசின் கடவுச்சீட்டோடு சிரியா, லெபனான் பக்கமிருந்து லத்தீன் அமெரிக்காவுக்குப் போன அரேபியர் எல்லோருக்கும் அந்தப் பெயர்தான் விழுந்தது. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் என்பதோ, துருக்கியரே அல்லர் என்பதோ யாருக்கும் பொருட்டாக இருக்கவில்லை. ரிவேரா அவளைப் பேராசையும் காமமும் கொண்ட பருத்த உடம்பாக வரைகிறார். கீழைத்தேய வியாபாரி பற்றிய பழைய அச்சு அது. எட்வர்ட் சைத் வாசித்த எமது விமர்சகர் எவரும் இந்த இடத்தில் உடனே பேனாவை எடுத்துவிடுவார், எடுக்கவும் வேண்டும்.

எமக்கும் அப்படித்தானே பெயர் விழுந்தது. ஐபீரியாவில் தாம் பகைத்த வட ஆபிரிக்க முஸ்லிம்களை 'மூரோ' என்று அழைத்துப் பழகிய போர்த்துக்கேயர், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து சோனகரைக் கண்டதும் அதே பெயரைச் சூட்டினர். பிலிப்பைன்சின் தெற்கில் முஸ்லிம்களைக் கண்ட ஸ்பானியர் அவர்களுக்கும் 'மோரோ' என்றே பெயர் வைத்தனர். கேகாலை மாவட்டத்து மெனிக்கடவரயில் கோட்டை கட்டியிருந்த அந்தப் போர்த்துக்கேயர் போய்விட்டார்கள், பெயர் குடிசன மதிப்பீட்டில் இருக்கிறது. அலவாங்கு, அலுமாரி, சப்பாத்து, பாண் என்று வீட்டுக்குள்ளும் அவர்கள் விட்டுச்சென்றவை உண்டு, அவை பயன்படுகின்றன. அதே குடிசன மதிப்பீட்டில் பக்கத்துத் தோட்டத்து மக்கள் 'இந்தியத் தமிழர்' என இருக்கிறார்கள். கொலம்பஸ் வழிதவறிப்போய்ச் சூட்டிய 'இந்தியர்' என்ற பெயரை அமேசன் பழங்குடிகள் சுமப்பது போலத்தான் இதுவும், பிறந்த இடத்தை மறுக்கிற பெயர்.

ஆனால் பெயர் பிழை என்று நிரூபித்துவிட்டால் கணக்குப் புத்தகம் மறைந்துவிடுமா? சொரைதா அய்ராமைத் தவறாக வரைந்திருக்கிறார்கள் என்று சொன்ன பிறகும் அவள் கையில் கடன் பட்டியல் இருக்கிறது. எமது விமர்சனம் பெயரோடு நின்றுவிடுகிறது.

எங்கள் கடை யட்டியாந்தோட்டைப் பக்கம், தோட்டப் பாதை பிரதான வீதியைச் சந்திக்கும் முனையில் இருந்தது. அரிசி, மா, கருவாடு, மண்ணெண்ணெய். பின்பக்கம் ஒட்டுப்பால் வாங்கும் தராசு. சிரட்டையிலும் வெட்டு வாயிலும் உறைந்து கிடக்கும் பாலை உரித்தெடுத்து உருட்டிக் கொண்டுவருவார்கள். அதில் எவ்வளவு தோட்டத்துக்குச் சேரவேண்டியது, எவ்வளவு அவர்களது என்று வாப்பா கேட்டதில்லை. கேட்காததற்கும் ஒரு விலை உண்டு, அது தராசில் கழிந்தது. மழைக் காலையில் பால் வெட்ட முடியாது. நனைந்த பட்டையில் பால் வழிந்தோடிவிடும், சிரட்டையில் தண்ணீர் நிறையும். அன்றைக்குப் பெயர் விழாது. சரியாகப் பத்து மணிக்கு யாராவது ஓர் அம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கடைப் படியில் நிற்பார்.

"மழ விடல மொதலாளி. ரெண்டு கொத்து மாவு மட்டும். கொப்பியில எழுதிக்கோங்க."

"எழுதினது போதாதா? சரி, தாறன். சம்பளத்தண்டைக்கு மறந்திராதீங்க."

வாப்பா கெட்டவர் அல்லர். 1974இல் நாடெங்கும் உணவுக்குத் தட்டுப்பாடு வந்து தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தபோது கடையை மூடாமல் வைத்திருந்தார், வீட்டுக்கென்று வைத்த மாவிலிருந்தும் கொடுத்தார். அதுவும் கொப்பியில் ஏறியது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகும் குடும்பங்கள் சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் கையில் வாங்கிய நாட்களில் அவர் என்னையும் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களை உட்காரவைத்து, சாயத் தண்ணீர் கொடுத்து, கடனை எண்ணிக் கொடுத்தார்கள். யாரும் சண்டை பிடிக்கவில்லை. ஒரு கிழவி என் தலையைத் தடவி "நல்லாப் படிக்கணும் தம்பி" என்றார். அந்தக் காசு என் பாடசாலைக் கட்டணமாகப் போயிருக்கலாம். ஃபெரெய்ரா டி காஸ்ட்ரோவின் ஆல்பெர்தோவை வாசித்தபோது அந்தச் சாயத் தண்ணீரின் ருசி என் வாயில் வந்தது.

அமேசனில் முதலாளிகள் காட்டுக்குள் பள்ளிக்கூடம் வைக்கவிடவில்லை. படித்தால் கணக்கை வாசித்துவிடுவார்கள் என்ற பயம். பால்வெட்டுவோரின் தலைவர் சிக்கோ மெண்டிஸ் எழுதப்படிக்கக் கற்றதே இளைஞனான பின்புதான். காட்டை அழிக்க வந்தவர்களின் முன்னால் ஆணும் பெண்ணும் பிள்ளையுமாகச் சேர்ந்து நின்று மறித்தவர்கள் அவர்கள். 1988 டிசம்பர் 22 அன்று ஷப்பூரியில் வீட்டு வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தனித்தனியாகக் காட்டில் அலைந்தவர்கள் சங்கமாகச் சேர அவ்வளவு காலம் பிடித்தது. இங்கே லயத்தில் நெருங்கி வாழ்ந்தவர்கள் அதை முன்பே செய்துவிட்டார்கள். உந்துகொட நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்டு தொழிலாளரை வெளியேறச் சொன்னபோது அவர்கள் மறுத்தார்கள். 1946 ஜூனில் அதற்காக நடந்த வேலைநிறுத்தம் பெரியது. அத்துமீறி நுழைந்ததாக அவர்கள்மேல் போடப்பட்ட வழக்கு பிரிவி கவுன்சில் வரை போனது. கேகாலை மாவட்டத்தில் நடந்த இந்த வரலாற்றுக்கு ஒரு நாவல் இல்லை.

காரணம் எளிது. மலையக இலக்கியம் என்றால் தேயிலை என்று ஆகிவிட்டது. என்.எஸ்.எம். இராமையாவின் தொகுப்புக்குப் பெயர் 'ஒரு கூடைக் கொழுந்து'. சி.வி. வேலுப்பிள்ளையின் புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதை நூலின் பெயரிலும் தேயிலைத் தோட்டம். அவர்கள் தாம் வாழ்ந்ததை எழுதினார்கள், அதில் குறையில்லை. கொழுந்துக்கூடை பண்பாட்டுச் சின்னமாகி, பால்வாளி மறைந்துபோனதுதான் குறை. மலேசியாவைப் பற்றி அகிலனால் 'பால்மரக் காட்டினிலே' என்று நாவல் எழுத முடிந்தது, அங்கே தோட்டம் என்றாலே பால்மரம். சப்ரகமுவத் தோட்டங்களோ சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டுதுண்டாகச் சிதறியவை. 1977இலும் 1981 ஓகஸ்ட்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிக்கப்பட்டு, குடும்பங்கள் வவுனியாப் பக்கம் ஓடின. எழுதக்கூடியவர்களும் அவர்களோடு போயிருப்பார்கள். அந்த மக்களுக்கு மிக அருகில் தமிழ் எழுதத் தெரிந்தவர்களாக மிஞ்சியது கடைவீதியில் இருந்த நாங்கள்தான். அல் அஸூமத் போன்ற ஒருவர் தோட்ட வாழ்வை உள்ளிருந்து எழுதினார். கடைவீதியிலிருந்து எழுதியவர்களோ மாவனல்லையில் 2001இல் எங்கள் கடைகள் எரிந்ததைக் கவிதையாக்கினோம், ஆக்கத்தான் வேண்டும். எரியாமல் இருந்த காலத்தில் கடைக்குள் என்ன நடந்தது என்பதை எழுதவில்லை.

அடுத்த மார்க்வெஸ் சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்டு வரும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். 'பெருஞ்சுழி'யின் கிளெமென்தே சில்வா பகுதியையாவது, 'காடு' நாவலின் கணக்கறை அத்தியாயங்களையாவது முதலில் தமிழாக்கிப் போடுங்கள். அவற்றைச் சப்ரகமுவக் கடைக்காரனின் மகன் ஒருவன் வாசித்தால், மந்திரம் எதுவும் தேவைப்படாத ஒரு நாவலை எழுத உட்காரக்கூடும்.

நானே முயன்று பார்த்தேன். வாப்பாவின் கொப்பிகளில் இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஒன்று 1971, மற்றது 1975. நீல மை, ஓரம் கரையான் அரித்தது. மா, மண்ணெண்ணெய், கருவாடு என்று பொருளும் தொகையும் தெளிவாக இருக்கின்றன, தீர்த்த கணக்குகளுக்குக் குறுக்கே கோடு. பாத்திரங்களுக்குப் பெயர் வேண்டுமென்று இடப்பக்கப் பத்தியைத் தேடினேன். 'மேல் லயம் 4', 'மேல் லயம் 7', 'பாலத்தடி 2' என்றுதான் எழுதியிருக்கிறார். ஓர் இடத்தில் மட்டும் 'சிவப்புச் சேலை'.